எங்கள் இருவருக்கென்று ஓர் இரவு



"கலியாணம் முடிச்சு இருபது வருசமாச்சு. வளர்ந்த பிள்ளையள் வீட்டிலை. இனிமேல் என்ன புருசனும் பெண்சாதியும் ஊர் சுத்திறது?" எங்கள் பக்கத்தில் இப்படித்தான் கேட்பார்கள். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு, கச்சேரிக்கு, நீதிமன்றத்துக்கு, செத்தவீட்டுக்கு என்று கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு காரணமும் இல்லாமல் சும்மா போனால்தான் கேள்வி வருகிறது. துன்பத்துக்காக வெளிக்கிடலாம், சந்தோசத்துக்காக வெளிக்கிடக்கூடாது என்று எங்களுக்கு நாங்களே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.

இந்த மாதம் அப்படிச் "சும்மா" போய்வந்த ஒரு பயணத்தைப் பற்றியே எழுதுகிறேன். 2023 மார்கழியில், நத்தாருக்கு ஒரு கிழமை இருக்கையில், நானும் என் கணவரும் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தோம். ஒரே ஓர் இரவு. இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைக்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கொழும்பு என்றால் என்ன? கடவுச்சீட்டு எடுக்கும் இடம். தூதரகத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும் இடம். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி மனுக் கொடுக்கும் இடம். யுத்த காலத்தில் அங்கே தங்குவதென்றால் பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, நடுச்சாமத்தில் கதவு தட்டும் சத்தம். 2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனை நிறுத்தச் சொல்லி இடைக்காலக் கட்டளை இட்டது. ஆனாலும் அந்தச் செய்தியைக் கேட்டவர்களின் மனதில் "விடுதி" என்ற சொல்லே பயமாகத் தங்கிவிட்டது. நான் அந்த நகரத்துக்கு முதன்முதல் போனதும் 2011 இல், இவருடைய காலுக்குச் சத்திரசிகிச்சை செய்யத்தான். கடல் எந்தப் பக்கம் இருக்கிறதென்றுகூட அப்போது நான் பார்க்கவில்லை.

இவருக்கோ கொழும்பு வேறு. இவருடைய தகப்பனார் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். குடும்பம் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்தது. 1983 ஆடிக் கலவரத்தில் எல்லாம் போய், அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது இவருக்கு ஏழு வயது. அதற்கு முந்தைய மார்கழியில் தகப்பனின் தோளில் இருந்தபடி கோட்டையில் நத்தார் விளக்குகள் பார்த்ததை மட்டும் அடிக்கடி சொல்வார். நாங்கள் சைவக்காரர். ஆனாலும் எங்கள் வீட்டில் நத்தார் என்றால் அது இவருடைய அந்த விளக்குகள்தான்.

இனி, ஏன் வீட்டை விட்டு வெளியே போய்த் தங்கவேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா பெற்றுக் கட்டிய வீடு எங்களுடையது. உங்களில் பலருடைய வீடும் அப்படித்தான் இருக்கும். தறப்பாளுக்குக் கீழே கிடந்த எங்களுக்கு அது மாளிகை. ஆனால் எங்கள் வீட்டில் அறைச் சுவர் கூரைவரை போகவில்லை. இந்த அறையில் இருமினால் அடுத்த அறையில் மாமி "தண்ணி குடி பிள்ளை" என்பார். மாமி, மகள், மகன், நாங்கள் இருவர் என ஐந்து பேர். இரவில் எதைப் பேசினாலும் ஐந்து பேருக்கும் கேட்கும். ஆகவே பேசுவதெல்லாம் பசளை விலை, பள்ளிக்கூடக் காசு, சீட்டுக் காசு, நாளைக்கு என்ன கறி என்பவைதான். வருடக்கணக்காக நாங்கள் ஒரு கடையை நடத்தும் இரண்டு பங்காளிகள் போலவே வாழ்ந்துகொண்டிருந்தோம். சண்டை இல்லை. குடி இல்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சும் இல்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் மூவர். மூத்தவள் 2004 இல் பிறந்தாள். கடைசி மகன் மீள்குடியேறிய பிறகு 2011 இல் பிறந்தான். இடையில் 2006 இல் பிறந்த ஒரு மகன் இருந்தான். 2009 பங்குனியில் மாத்தளனில் செல் விழுந்ததில் அவன் போய்விட்டான். அதே செல்லில் காயப்பட்டு நான் புதுமாத்தளனில் தற்காலிக வைத்தியசாலைத் தரையில் கிடந்தேன். பிள்ளையைப் புதைத்தது இவர் தனியேதான். எங்கே, எப்படி என்று நான் கேட்டதில்லை. இவரும் சொன்னதில்லை. அடுத்த மாதம் இவருக்குக் கால் போனது. பிறகு முகாம், பிறகு மீள்குடியேற்றம், பிறகு வீடு கட்டுதல். அந்தக் கதைக்கு ஒரு நேரம் வரவேயில்லை.

பயணத்தை ஏற்பாடு செய்தவள் மகள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மார்கழியில் கையில் கிடைத்த காசில் பத்தாயிரம் ரூபாவை என்னிடம் தந்து, "அம்மா, நீங்களும் அப்பாவும் ஒரு இரவு எங்கையாவது போய் நிண்டிட்டு வாங்கோ. தம்பியையும் அப்பம்மாவையும் நான் பாக்கிறன்" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மாமிதான் என் வெட்கத்தைப் போக்கினார். "போட்டு வா பிள்ளை. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு என்ரை பேரிலை ஒரு மெழுகுதிரி கொளுத்து" என்றார். கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போய்வந்தவர் அவர். சீட்டுக் காசில் எட்டாயிரத்தை நான் சேர்த்தேன். பதினெண்ணாயிரம் ரூபாவுடன், மார்கழி 19 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை அதிகாலை பஸ் ஏறினோம். காலபோக விதைப்பு முடிந்து மழையும் சற்று விட்டிருந்தது.

மத்தியானம் தாண்டிப் புறக்கோட்டையில் இறங்கினோம். பண்டிகைக் காலத்துப் புறக்கோட்டையை என்னவென்று சொல்ல! நடைபாதை முழுவதும் உடுப்பு, விளையாட்டுச் சாமான், மின்குமிழ் மாலை, பிளாஸ்ரிக் நத்தார் மரம். சிங்களத்திலும் தமிழிலும் விலை கூவுகிறார்கள். கூட்டத்தில் இவருடைய செயற்கைக் காலை யாராவது இடறிவிடுவார்களோ என்று நான் பயந்தேன். ஆனால் இவர் சிறு பையன் போல முன்னால் நடந்து, "இந்தத் தெருவிலைதான் அப்பான்ரை கடை" என்று காட்டினார். கடை இல்லை. அந்த இடத்தில் புதிய கட்டடம் நின்றது. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

முச்சக்கரவண்டியில் கொச்சிக்கடைக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை என்பதால் நல்ல சனம். பொட்டு வைத்தவர்கள், பர்தா போட்டவர்கள், வெள்ளைச் சேலை உடுத்த சிங்களத் தாய்மார் எல்லாரும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நின்றார்கள். 2019 சித்திரை 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த கோயில் இது. அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் மற்ற இடங்களிலுமாக 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏழு கிழமைகளில் கோயிலைத் திருத்தி, அதே ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் திறந்தார்கள். இடிந்த சுவரைக் கட்டிவிடலாம். அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாயை யார் கட்டி எழுப்புவது? மாமிக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். முன்பின் தெரியாத அந்தத் தாய்மாருக்காக இன்னொன்றும் கொளுத்தினேன்.

அங்கிருந்து காலி வீதியால் ஓடும் 101 ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து, தெரிந்த ஒருவர் சொல்லி வைத்திருந்த விடுதிக்குப் போனோம். வரவேற்பில் இருந்த ஐயா அடையாள அட்டைகளைப் பார்த்து எழுதிக்கொண்டே, "கிளிநொச்சியோ? என்ன அலுவலாய் வந்தனீங்கள்?" என்று கேட்டார். இவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒரு அலுவலும் இல்லை. சும்மா வந்தனாங்கள்" என்றார். அந்த ஐயா சிரித்தார். எனக்குத்தான் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. நோயும் இல்லை, வழக்கும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. அலுவல் இல்லாமல் இந்த நகரத்துக்கு வரலாம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பின்னேரம் முதலில் கோட்டைக்குப் போய் யோர்க் வீதியில் இன்றும் நிற்கும் கார்கில்ஸ் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தோம். ஏழு வயதில் அது வானத்தைத் தொட்டதாம். இப்போது சுற்றிலும் மாடிகள் எழுந்து அது சிறுத்துவிட்டது. "அப்பான்ரை தோளிலை இருந்து பார்த்தால் இன்னும் பெரிசாய்த் தெரியும்" என்றார்.

பிறகு காலிமுகத்திடல். கடற்காற்று, பட்டம், இறால் வடை வாசம், சிவப்புத் தொப்பி போட்ட பிள்ளைகள். எதிரே பெரிய வணிக வளாகத்திலும் ஹோட்டல்களிலும் வண்ண விளக்குகள். 2016 நத்தாருக்கு இந்தத் திடலில்தான் 72 மீற்றர் உயரமான செயற்கை நத்தார் மரத்தைத் துறைமுகத் தொழிலாளர் கட்டி நிறுத்தினார்கள். உலகிலேயே உயரமான செயற்கை நத்தார் மரம் என்று அது கின்னஸ் பதிவிலும் ஏறியது.

ஆனால் என்னைக் கவர்ந்தது மரமோ விளக்கோ அல்ல. அங்கே பழைய கல் ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயத் தேசாதிபதி ஹென்றி வார்ட் இந்த நடைபாதையை 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்ததாகவும், கொழும்பிலுள்ள பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதனைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக்கொள்வதாகவும் அதில் எழுதியிருக்கிறது. இவர் எழுத்துக்கூட்டி வாசித்து எனக்குச் சொன்னார். அன்று அவர் நினைத்தது வெள்ளைக்காரச் சீமாட்டிகளையாக இருக்கலாம். வன்னியிலிருந்து வந்த நானும் ஒரு பெண்தானே என்று எண்ணிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். 2022 இல் மக்கள் போராட்டம் நடந்ததும் இதே திடலில்தான். அந்த ஆண்டு மே 18 அன்று சிங்கள இளைஞர்களும் சேர்ந்து முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை இங்கே நினைவுகூர்ந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். நாங்கள் உயிர் பிழைக்கக் குடித்த கஞ்சி, காலிமுகத்திடல்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சின்னப் பையன் பந்தைத் துரத்திக்கொண்டு வந்து இவருடைய காலடியில் விழுந்தான். தூக்கி மண்ணைத் தட்டிவிட்டார். அவன் ஓடியபின், கடலைப் பார்த்தபடி, "இருந்தால் இப்ப பதினேழு வயது" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு அறையில், கதவைப் பூட்டிய பிறகு, இவர் அவனுடைய பெயரைச் சொன்னார். பதினான்கு வருடங்களுக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் இடையில் அந்தப் பெயர் உச்சரிக்கப்பட்டது. புதைத்த இடத்தைச் சொன்னார். பக்கத்தில் நின்ற பனையைச் சொன்னார். கையால் மணலைத் தோண்டியதைச் சொன்னார். "உம்முடைய மாம்பழக் கலர்ச் சீலையிலைதான் சுத்தினனான்" என்றார். அந்தச் சேலை இடப்பெயர்வில் தொலைந்துபோனதென்றே நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அது என் பிள்ளையோடு இருக்கிறது என்று அறிந்தபோது வாய்விட்டு அழுதேன். இவரும் அழுதார். அடுத்த அறையிலிருந்து "என்ன பிள்ளை" என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. அழுது முடித்த பின்னர் அவன் செய்த குழப்படிகளைச் சொல்லிச் சிரித்தோம். விடியப் பார்த்தால் ஐந்து மணிவரை பேசியிருக்கிறோம்.

காலையில் வெள்ளவத்தைக் கடற்கரையில், புகையிரதப் பாதையோரம் சற்று நேரம் இருந்தோம். மாமிக்கும் பிள்ளைகளுக்கும் நத்தார் கேக் துண்டுகள் வாங்கினோம். கடுதாசியில் சுற்றிய, கஜுவும் பழங்களும் போட்ட கொழும்புக் கேக். மத்தியானம் பஸ் ஏறிவிட்டோம்.

சகோதரிகளே, ஓர் இரவில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. இவருடைய காலும் வளரவில்லை, கடனும் குறையவில்லை. ஆனால் அடுத்த பங்குனியில் அவனுடைய நாள் வந்தபோது, முதன்முறையாக இருவரும் சேர்ந்து விளக்கேற்றி, அவனுக்குப் பிடித்த பயற்றம் பணியாரம் செய்து அயலில் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். தம்பியும் தனக்கு ஓர் அண்ணா இருந்த கதையை அன்று முழுதாகக் கேட்டான்.

எனவே நான் சொல்லவருவது இதுதான். துக்கத்துக்கும் ஓர் இடம் வேண்டும். நெருக்கமான வீட்டில், வேலைக்கும் கடமைக்கும் இடையில், கணவனும் மனைவியும் தம் துக்கத்தை ஒளித்து வைத்தே பழகிவிடுகிறோம். ஒளித்த துக்கம் சிலரிடம் கோபமாக வருகிறது. சிலரிடம் குடியாக வருகிறது. எங்களிடம் மௌனமாக இருந்தது. ஒருவருக்கும் கேட்காமல் பேச ஓர் இரவு கிடைப்பது ஆடம்பரம் அல்ல. அதுவும் ஒரு மருந்து.

இதை வாசிப்பவர்களில் கணவர் இல்லாதவர்கள் பலர் என்பது எனக்குத் தெரியும். என் சொந்த அக்காவே யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் மனைவி. எழுதியதை அவவிடம்தான் முதலில் வாசிக்கக் கொடுத்தேன். "எழுது. ஆனால் எங்களை விட்டிட்டு எழுதாதை" என்றா. அக்காவும் அவவைப் போன்ற இரண்டு பெண்களும் 2024 இல் திருகோணமலைக்குப் போய், கோணேசர் கோயிலைக் கும்பிட்டு, ஓர் இரவு தங்கி வந்தார்கள். "மூண்டு பேரும் விடியவிடியக் கதைச்சம். கதைச்சதிலை பாதி அழுகை, பாதி பகிடி" என்றா. இந்த இரவு துணைவருக்கு மட்டும் உரியதல்ல. ஒரு சகோதரி, ஒரு சிநேகிதி, உங்களைப்போல் இழந்த இன்னொருத்தி போதும். தனியாக இருக்கும் பெண் வெளியே போய்த் தங்கினால் ஊர் பேசும் என்பீர்கள். இருவர் மூவராகப் போங்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கு மேலும் பேசுகிற வாய் எதற்கும் பேசும்.

போக விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். இதற்காக ஒருபோதும் கடன் எடுக்காதீர்கள். நுண்நிதிக் கடன்காரரின் வாசலுக்குப் போய் வாங்கும் சந்தோசம் நிலைக்காது. மாதம் ஐந்நூறு ரூபாவென்றாலும் ஒரு தகரப்பேணியில் போட்டு வையுங்கள். எங்களுக்கு அறைக்கு 6,500 ரூபாவும் பஸ்ஸுக்கு ஐயாயிரத்துச் சொச்சமும் போனது. சாப்பாடு, ஓட்டோ, கேக் எல்லாம் சேர்த்து 16,400 ரூபாவுக்குள் முடிந்தது. இப்போது விலைகள் மாறியிருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நத்தாருக்கு முந்திய இரண்டு மூன்று நாட்கள் பஸ்ஸிலும் விடுதியிலும் நெருக்கம். ஒரு கிழமை முன்னர் போவது நல்லது. இருவருடைய அடையாள அட்டையும், தம்பதியரென்றால் விவாகப் பதிவுப் பிரதியும் கையில் இருக்கட்டும். தெரிந்தவர் மூலம் அறை பேசுங்கள். புகையிரதத்தில் போக விரும்பினால் புறப்படுமுன் நிலையத்தில் விசாரியுங்கள். மழை வெள்ளத்தாலும் திருத்த வேலைகளாலும் வடக்குப் பாதையில் சேவைகள் இடைக்கிடை நிற்பதுண்டு. கொழும்புதான் வேண்டும் என்றில்லை. மன்னார், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் எதுவானாலும் நத்தார்க் காலத்தில் விளக்குகள் இருக்கும்.

போன இடத்தில் கட்டாயம் அழவேண்டும் என்றும் இல்லை, கட்டாயம் சிரிக்கவேண்டும் என்றும் இல்லை. கைத்தொலைபேசியை மட்டும் பைக்குள் வைத்துவிட்டு, கூட வந்தவரின் முகத்தைப் பாருங்கள். பேச்சு தானாக வரும். வராவிட்டால் பேசாமல் பக்கத்தில் இருங்கள், அதுவும் போதும்.

வருகிற நாட்காட்டியில் உங்களுக்கென்று ஓர் இரவை இன்றே குறித்து வையுங்கள். போய்வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.